மெடிக்கல் எக்யூப்மென்ட் சர்வீஸ் டீமுக்கு லீடர் ஆயிட்டீங்களா? அப்போ இத ஒரு தடவ படிங்க

நல்லா ரிப்பேர் பண்ணுவான், எந்த மெஷினக் குடுத்தாலும் ஓட வச்சுடுவான், அதனால இவனையே டீம் லீடரா போட்டுடலாம்னு தான் இந்தத் தொழில்ல முக்கால்வாசி பேர் லீடர் ஆகுறாங்க. ஆனதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னா, கஷ்டமான ஜாப் எல்லாத்தையும் லீடரே எடுத்துப் போட்டுக்குவாரு, மத்தவங்க கேபிள் மாத்திட்டு பேட்டரி மாத்திட்டு திரிவாங்க, லீடர் லீவு போட்ட அன்னிக்கு ஐசியுல ஒரு வென்டிலேட்டர் நின்னுச்சுன்னா யாருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது. அதனால மொத வேலை, ஸ்க்ரூ டிரைவர கீழ வைங்க. முழுசா வேணாம், கை மறந்து போயிடும், ஆனா நாள்ல பாதிக்கு மேல அது உங்க கைல இருக்கக் கூடாது.

அப்போ லீடருக்கு என்ன தான் வேலை? எந்த மெஷின் முதல்ல, யார் போறது, சரி பண்ணின மெஷின திரும்ப பேஷன்ட்டுக்குப் போடலாம்னு யார் சொல்றது. இந்த மூணு தான். இதுல மூணாவது தான் உங்க தலைக்கு வர்றது. மெஷின் ஆன் ஆகி ஓடுதுங்கறது வேற, அத ஒரு ஆள் மேல மாட்டலாம்ங்கறது வேற, இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குறதுக்குத் தான் ஒரு லீடரே தேவைப்படுது. கீழ எழுதிருக்கறது எல்லாமே சுத்தி சுத்தி இதுக்குத் தான் வரும்.

மொதல்ல என்னென்ன இருக்குன்னு பாருங்க

சேர்ந்த உடனே சிஸ்டத்துல இருக்குற லிஸ்ட்ட நம்பி உக்காந்துடாதீங்க. ஒரு ஆளக் கூட்டிட்டு ஒவ்வொரு வார்டா, ஆபரேஷன் தியேட்டர், ஐசியு, கேஷுவாலிட்டி, லேப், டயாலிசிஸ், எல்லா இடமும் நடங்க. லிஸ்ட்ல இருக்கும் மெஷின் இருக்காது, மெஷின் இருக்கும் லிஸ்ட்ல இருக்காது, இது ரெண்டும் எல்லா எடத்துலயும் உண்டு. ஸ்டோர் ரூம் மூலைல துணி போட்டு மூடி வச்ச மெஷின்கள கண்டிப்பா பாருங்க, ஏன்னா ஒரு அவசர ராத்திரில யாராவது அதத் தூக்கிட்டு வந்து பிளக்ல சொருகுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர், மாடல், சாஃப்ட்வேர் வெர்ஷன், எங்க இருக்கு, கடைசியா எப்போ சர்வீஸ் ஆச்சு, கம்பெனி இன்னும் ஸ்பேர் தருதா இல்லையா, இவ்வளவும் வேணும். சாஃப்ட்வேர் வெர்ஷன் எதுக்குன்னு கேப்பாங்க, கம்பெனி ரீகால் (கோளாறு இருக்கு, சரி பண்ணணும்னு வர்ற அறிவிப்பு) அனுப்பும்போது இந்த வெர்ஷன் மட்டும்னு தான் அனுப்புவான், அப்போ ஒவ்வொரு பம்ப்பா போய் ஆன் பண்ணிப் பாத்துட்டு இருக்க முடியாது.

லிஸ்ட் ரெடியானதும் எதுக்கு முக்கியத்துவம்னு பிரிக்கணும். இதுக்கு 1989-ல ஃபென்னிகோ, ஸ்மித்னு ரெண்டு பேர் ஒரு கணக்கு சொன்னாங்க, இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. மெஷின் செய்யற வேலைக்கு 10 வரைக்கும் மார்க், ஃபெயில் ஆனா என்ன ஆபத்துங்கறதுக்கு 5 வரைக்கும், மெயின்டனன்ஸ் எவ்வளவு தேவைங்கறதுக்கு 5 வரைக்கும். மூணையும் கூட்டி 12-ம் அதுக்கு மேலயும் வந்தா அது பிஎம் (பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், கெடுறதுக்கு முன்னாடியே பண்ற சர்வீஸ்) லிஸ்ட்ல ஏறணும். வென்டிலேட்டர் மாதிரி மெஷினுக்கு 20-க்கு 20-ஏ வரும். நல்ல கணக்கு தான், ஆனா ஒண்ணு அதுல இல்ல, மாத்து மெஷின் இருக்கா இல்லையாங்கறது. வார்டுல பத்து மானிட்டர் இருந்து ஒண்ணு போனா தலைவலி, மொத்த பில்டிங்குக்கும் ஒரே ஒரு சிடி ஸ்கேன் தான்னா அது போனா தலையே போயிடும். அதனால "மாத்து உண்டா"ன்னு தனியா ஒரு கட்டம் போடுங்க, அத வச்சு வரிசைய மேல கீழ நகத்துங்க.

போன் வந்தா என்ன கேக்கணும்

டீம்ல யாரு போன எடுத்தாலும் மொத கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், "இப்போ மெஷின்ல பேஷன்ட் இருக்காங்களா?" இருக்காங்கன்னா மொதல்ல மாத்து மெஷினுக்கு மாத்தச் சொல்லுங்க, டயக்னோசிஸ் எல்லாம் அப்புறம். போன்லயே ரிப்பேர் சொல்லிக் குடுக்குறேன்னு பேஷன்ட் மேல இருக்குற பம்ப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றது ரொம்ப தப்பு, டீம்ல யாருக்கும் அந்தப் பழக்கம் வரவிடாதீங்க.

அதுக்கு அப்புறம் பேச்சு இந்த மாதிரி போனா போதும்:

"சிஸ்டர், ஸ்கிரீன்ல என்ன வருது, அப்படியே படிச்சுச் சொல்லுங்க."

"ஏதோ எரர்னு வந்துச்சு சார், அமுக்குனதும் போயிடுச்சு."

"பரவால்ல சிஸ்டர். அமுக்குறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க? பெட்ட நகத்துனீங்களா, சிரிஞ்ச் மாத்துனீங்களா? இனிமே வந்தா ஒரு போட்டோ எடுத்துட்டு அப்புறம் அமுக்குங்க. மெஷினோட இருந்த டியூப், கேபிள் எதையும் கழட்டி வேற எடத்துக்குக் குடுத்துடாதீங்க, அப்படியே தனியா எடுத்து வைங்க, ஆள் வந்துட்டு இருக்காங்க."

கவனிச்சீங்களா, யாரு தப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. "நீங்க என்ன அமுக்குனீங்க"ன்னு அதட்டுற குரல்ல ஒரு தடவ கேட்டுட்டா போதும், அந்த வார்டுல இருந்து அடுத்த ஆறு மாசத்துக்கு உண்மை வராது, "தானா நின்னுடுச்சு" மட்டும் தான் வரும். போன்ல யார் எப்படிப் பேசுறாங்கன்னு லீடர் பக்கத்துல உக்காந்து கேக்கணும், இது தான் டீமோட பேரக் காப்பாத்துறதும் கெடுக்குறதும்.

வர்ற கம்ப்ளைன்ட்ல பெரும்பகுதி போர்டு ஃபால்ட்டா இருக்காது. ஈசிஜி கேபிள் உள்ள ஒடஞ்சிருக்கும், எஸ்பிஓ2 (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குற) சென்சார் போயிருக்கும், என்ஐபிபி (பிபி பாக்குற) கஃப் லீக்கா இருக்கும் இல்ல சைஸ் தப்பா இருக்கும், பேட்டரி செத்திருக்கும், அலாரம் லிமிட்ட யாரோ மாத்தி வச்சிருப்பாங்க. அதனால மொத தடவ போறவங்க பையில நல்லா வேலை செய்யற ஒரு செட் கேபிள், சென்சார், கஃப் இருந்தே ஆகணும். மாத்திப் போட்டுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். இத விட்டுட்டு மெஷினக் கழட்டி ஒர்க்‌ஷாப் கொண்டு வந்து மூணு நாள் பெஞ்சுல வச்சு கடைசில "கேபிள் தான்"னு சொல்ற டீம்கள் நிறைய.

பேஷன்ட்டுக்கு அடிபட்டுடுச்சு, தீக்காயம் பட்டுடுச்சு, மருந்து அதிகமா போயிடுச்சுன்னு சந்தேகம் இருந்தா அது ரிப்பேர் ஜாப் கிடையாது. அங்க டீமோட வேலை மெஷினத் தொடாம, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாம, செட்டிங்ஸ போட்டோ எடுத்து, டியூப், பேட், சிரிஞ்ச் எல்லாம் சேத்துக் கட்டி, டேக் போட்டுப் பூட்டி வைக்குறது. மெஷின் உள்ள தானா பதிவாகிருக்குற லாக்க (log) யார் எடுக்கணும்னு நிர்வாகம் முடிவு பண்ணட்டும். ஆர்வக்கோளாறுல ஒருத்தர் சரி பண்ணி விட்டுட்டார்னா நடந்தது என்னன்னு இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

"ஃபால்ட் எதுவும் இல்ல"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி

ஜாப் ஷீட்ல எனக்குப் பிடிக்காத வரி இது தான். "செக்டு, ஒர்க்கிங் ஃபைன்". செக் பண்ணும்போது ஒழுங்கா ஓடுச்சு சரி, அவங்க கம்ப்ளைன்ட் பண்ணும்போது ஏன் ஓடல?

தெராக்-25 கதை இந்தத் தொழில்ல இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். கேன்சருக்கு ரேடியேஷன் குடுக்குற மெஷின். 1985 ஜூன்ல இருந்து 1987 ஜனவரிக்குள்ள அதுல 6 பேருக்கு அளவுக்கு மீறின டோஸ் போச்சு, சிலர் செத்தே போனாங்க. 1986 மார்ச்ல ஒரு எடத்துல "மால்ஃபங்ஷன் 54"னு ஒரு மெசேஜ் வந்துச்சு, பேஷன்ட் சுட்டுச்சுன்னு கத்துனாரு, கம்பெனி ஆளுங்க வந்து டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணும் சிக்கல, மெஷின் திரும்ப ஓட ஆரம்பிச்சுது, அடுத்த மாசமே அதே எடத்துல அதே மெசேஜோட இன்னொருத்தருக்கு நடந்துச்சு. கடைசில கண்டுபிடிச்சது யாருன்னா அந்த ஆஸ்பத்திரியோட ஃபிசிசிஸ்ட்டும், தெனமும் அந்த மெஷின ஓட்டுற ஆபரேட்டரும். ஆபரேட்டருக்கு கை ரொம்ப வேகம், தப்பா அடிச்ச ஒரு எழுத்த சில செகண்ட்ல போய்த் திருத்திட்டு பீம் ஆன் பண்ணுவாங்க, அந்த வேகத்துல அடிச்சா மட்டும் தான் சாஃப்ட்வேர் குழம்பும். நிதானமா டெஸ்ட் பண்ண யாருக்கும் அது வரவே இல்ல. முந்தின மாடல்கள்ல இருந்த ஹார்டுவேர் இன்டர்லாக்க (தப்பான நிலைல பீம் ஆன் ஆகாம தடுக்குற அமைப்பு) எடுத்துட்டு சாஃப்ட்வேர நம்புனதும் ஒரு காரணம்.

இதுல இருந்து டீமுக்கு மூணு ரூல் போடலாம். ஒண்ணு, பிரச்சனைய நேர்ல பாத்தவங்ககிட்ட பேசாம ஜாப் க்ளோஸ் ஆகாது, அவங்க நைட் ஷிஃப்ட்டுன்னா நைட் ஷிஃப்ட்ல போய் பேசணும். ரெண்டு, அவங்க வச்சிருந்த அதே ஆக்சசரியோட, அதே செட்டிங்கோட, முடிஞ்சா அவங்களையே ஓட்டச் சொல்லிப் பாக்கணும், பெஞ்சுல நம்ம கேபிள போட்டுப் பாத்தா அது வேற டெஸ்ட். மூணு, லாக் பதிவு இருக்குற மெஷின்னா அந்தப் பதிவ இறக்கி ஜாப்போட சேத்து வைக்கணும். இவ்வளவும் பண்ணியும் வரலன்னா, லைஃப் சப்போர்ட் மெஷின ஒரு ராத்திரி முழுக்க டெஸ்ட் லங்லயோ (செயற்கை நுரையீரல்) சிமுலேட்டர்லயோ ஓட விட்டுப் பாத்துட்டு அனுப்புங்க. அதே மெஷின் அதே கம்ப்ளைன்ட்டோட ரெண்டாவது தடவ வந்துச்சுன்னா வேற ஆள் பாக்கணும், மூணாவது தடவன்னா நீங்களே உக்காரணும்.

ரிலீஸ்: இங்க தான் சண்டை வரும்

ரிப்பேர் முடிஞ்சதும் வார்டுல இருந்து போன் மேல போன் வரும். "முடிஞ்சுதா, அனுப்புங்க, கேஸ் வெயிட்டிங்." இந்த அழுத்தத்துல தான் டெஸ்ட் பண்ணாம மெஷின் வெளிய போகும். அதனால எந்த மெஷினுக்கு எந்த டெஸ்ட் முடிஞ்சா தான் வெளிய போகும்னு முன்னாடியே எழுதி, டிப்பார்ட்மென்ட் தலைவர்கள்ட்ட கையெழுத்து வாங்கி வச்சிடுங்க. அப்போ ஜூனியர் ஒருத்தர் "இன்னும் அரை மணி நேரம் ஆகும் டாக்டர்"னு சொல்ல முடியும். இல்லன்னா அந்தப் பையனோ பொண்ணோ தனியா நின்னு திட்டு வாங்கணும்.

எலக்ட்ரிக்கல் சேஃப்டி டெஸ்ட் மொதல்ல. ரிப்பேருக்கு அப்புறமும் குறிப்பிட்ட இடைவெளியிலயும் பண்ற டெஸ்ட்டுக்குன்னே இருக்குற சர்வதேச ஸ்டாண்டர்டு ஐஇசி 62353, மெஷின டிசைன் பண்றவங்களுக்கு இருக்குறது ஐஇசி 60601. ரெண்டுலயும் லீக்கேஜ் (மெஷின்ல இருந்து கசியுற கரண்ட்) அளக்குற முறையே வேற, லிமிட்டும் வேற, அதனால ஒரு முறைல அளந்துட்டு இன்னொண்ணோட லிமிட்ட வச்சு பாஸ் போடாதீங்க, அளக்குற அனலைசர்ல எந்த ஸ்டாண்டர்டு செலக்ட் ஆகிருக்குன்னு பாக்காமலே டெஸ்ட் பண்றவங்க இருக்காங்க. 62353-ல கிளாஸ் 1 (எர்த் வயர வச்சுப் பாதுகாப்பு குடுக்குற) மெஷினுக்கு பவர் கார்டையும் சேத்து எர்த் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓமுக்குள்ள இருக்கணும். 60601-ல நார்மல் கண்டிஷன்ல பேஷன்ட் லீக்கேஜ் உடம்போட தொடர்பு வர்ற பிஎஃப் டைப்புக்கு 100 மைக்ரோ ஆம்பியர், நேரா இதயத்தோட தொடர்பு வர்ற சிஎஃப் டைப்புக்கு வெறும் 10. பாஸ் ஃபெயில் மட்டும் பாத்தா பத்தாது, நம்பர எழுதச் சொல்லுங்க. போன தடவ 0.08 ஓம், இந்தத் தடவ 0.21, ரெண்டுமே பாஸ் தான், ஆனா நடுவுல ஏதோ நடந்திருக்கு, பவர் கார்டோ எர்த் ஸ்டடோ லூசாகிட்டு வருது. நம்பர் இருந்தா தான் இது தெரியும்.

அப்புறம் மெஷினோட வேலை. டிஃபிப்ரிலேட்டர்னா (இதயத்துக்கு ஷாக் குடுக்குற மெஷின்) அனலைசரோட 50 ஓம் லோடுல ஷாக் குடுத்து வந்த எனர்ஜிய அளக்கணும், பொதுவா 15 சதவீதமோ 3 ஜூலோ, இதுல எது பெருசோ அது வரைக்கும் கூடக் குறைய இருக்கலாம். 200 வச்சா 170-ல இருந்து 230-க்குள்ள, 10 வச்சா 7-ல இருந்து 13-க்குள்ள. இத மெயின்ஸ்ல வச்சுப் பாத்துட்டு விட்டுடாதீங்க, பிளக்கப் பிடுங்கிட்டு பேட்டரில பாருங்க, ஏன்னா நிஜத்துல அத பேட்டரில தான் தூக்கிட்டு ஓடுவாங்க. சார்ஜ் ஆக எத்தன செகண்ட் ஆகுதுன்னும் எழுதுங்க, அது போன தடவைய விட நீண்டுட்டே போனா பேட்டரியோ கெப்பாசிட்டரோ கெளம்ப ரெடியாகுதுன்னு அர்த்தம்.

இன்ஃபியூஷன் பம்ப்னா ஃப்ளோ மட்டும் பாத்து விடுவாங்க, அக்லூஷன் அலாரமும் (டியூப் அடைச்சா கத்துறது) ஏர் அலாரமும் (டியூப்ல காத்து வந்தா கத்துறது) கண்டிப்பா பாக்கணும். ஃப்ளோவ 5 நிமிஷம் பாத்துட்டு சரின்னு சொல்றதும் வேணாம், கம்மி ரேட்ல ஆரம்பத்துல கொஞ்ச நேரம் ஏத்த இறக்கமா தான் இருக்கும், கம்பெனி மேனுவல் சொல்ற நேரம் வரைக்கும் ஓடட்டும். வென்டிலேட்டர்னா லீக் டெஸ்ட், ஃப்ளோ சென்சார் கேலிபரேஷன், ஆக்சிஜன் செல்ல 21 சதவீதத்துலயும் 100 சதவீதத்துலயும் செக் பண்றது, அப்புறம் சர்க்யூட்டக் கழட்டி டிஸ்கனெக்ட் அலாரம் கத்துதான்னு பாக்குறது, கரண்ட்டக் கட் பண்ணி பேட்டரிக்கு மாறுதான்னு பாக்குறது. டயத்தெர்மி (ஆபரேஷன்ல கரண்ட் வச்சு வெட்டுற, ரத்தத்த நிறுத்துற) மெஷின்ல பவர் அளந்தா மட்டும் பத்தாது, பேஷன்ட் பிளேட் கழண்டா மெஷின் கத்தி நிக்கணும், அது நிக்கலன்னா தான் தீக்காயம் வருது.

பொதுவா சொல்றேன், அலாரம் டெஸ்ட்ட தான் எல்லாரும் விடுறாங்க. ஓடுறத டெஸ்ட் பண்றாங்க, நிக்க வேண்டிய நேரத்துல நிக்குதான்னு டெஸ்ட் பண்றதில்ல.

கடைசியா செட்டிங்ஸ். மெயின் போர்டு மாத்துனா, ஹார்டு டிஸ்க் மாத்துனா கம்பெனி டிஃபால்ட்டுக்குப் போயிடும். பச்சக் குழந்தைங்க வார்டு மானிட்டர் பெரியவங்களுக்கான அலாரம் லிமிட்டோட திரும்பப் போறது ரிப்பேர் பண்ணாம விட்டத விட மோசம். கழட்டுறதுக்கு முன்னாடி கான்ஃபிகரேஷன் பேக்கப், முடியலன்னா ஒவ்வொரு ஸ்கிரீனா போட்டோ. லைஃப் சப்போர்ட் மெஷின்களுக்கு ரிப்பேர் பண்ணினவர் ஒருத்தர், ரிலீஸ் கையெழுத்துப் போடுறவர் வேற ஒருத்தர்னு வைங்க. ஆள் பத்தலன்னு சொல்வாங்க, இந்த ஒரு வகைக்கு மட்டுமாவது வைங்க.

டெஸ்ட் பண்ற அனலைசர்கள் கேலிபரேஷன்ல இருக்கணும்ங்கறத தனியா சொல்லத் தேவையில்ல. தேதி முடிஞ்ச அனலைசர ஷெல்ஃப்ல வைக்காதீங்க, எடுத்து அலமாரில பூட்டுங்க.

பிஎம்ம டிக் அடிக்குற வேலையா ஆக்காதீங்க

பிஎம்னாலே டீமுக்குச் சலிப்பு, வார்டுக்கு எரிச்சல். மாச ஆரம்பத்துல இந்த மாசம் எந்த வார்டுல எந்தெந்த மெஷின்னு வார்டு இன்சார்ஜ்கிட்ட குடுத்து, அவங்க சொல்ற நேரத்துக்குப் போங்க, காலைல ரவுண்ட்ஸ் நேரத்துல டூல் பேக்கோட போய் நின்னா யாரும் மெஷின் தர மாட்டாங்க. ஒரு வார்டுக்குப் போனா அங்க இருக்குற மொத்தத்தையும் முடிச்சுட்டு வாங்க. கெடைக்காத மெஷின "கெடைக்கல"ன்னு எழுதணும், "முடிஞ்சுது"ன்னு இல்ல, ரெண்டு தடவ கெடைக்கலன்னா தேடுற வேலை உங்களது.

பிஎம்க்குப் போறவங்க ஒண்ணு பழகணும், வார்டுல சுத்திப் பாக்குறது. பம்ப் டோர்ல பிளாஸ்டர் ஒட்டிருக்கும், மானிட்டர் கனெக்டர் விழாம இருக்க நூல் கட்டிருக்கும், ஒரு மெஷின் மேல மட்டும் "இத யூஸ் பண்ணாதீங்க"ன்னு பேப்பர் ஒட்டிருக்கும், அதெல்லாம் யாரும் போன் பண்ணிச் சொல்லாத கம்ப்ளைன்ட். ஏர் ஃபில்டர், ஃபேன், பேட்டரி, வீல் பிரேக், பவர் கார்டு, இந்த அஞ்சையும் ஒழுங்கா பாத்தாலே பாதி பிரேக்டவுன் வராது.

ஆளுங்க

ஒரு பேப்பர்ல மேல மெஷின் பேரு, சைடுல ஆள் பேரு எழுதி, யாருக்கு எது தனியா பண்ணத் தெரியும், யாருக்கு கூட ஆள் வேணும், யாருக்குத் தெரியவே தெரியாதுன்னு கட்டம் போடுங்க. எந்த மெஷினுக்கு ஒரே ஒருத்தர் பேர் மட்டும் இருக்கோ அங்க தான் ஆபத்து. அந்த ஒருத்தர் ரிசைன் பண்றதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவ அவர் அந்த மெஷினத் திறக்கும்போதும் கூட ஒருத்தர உக்கார வைங்க, அதுவும் வேடிக்கை பாக்க இல்ல, அடுத்த தடவ இவர் திறக்கணும் அவர் வேடிக்கை பாக்கணும். சீனியர் சில பேருக்கு இது பிடிக்காது, தனக்கு மட்டும் தெரிஞ்சிருக்குறது தான் மரியாதைன்னு நெனப்பாங்க. அவங்ககிட்ட தனியா பேசுங்க, "அண்ணே, நைட்டு ரெண்டு மணிக்கு உங்களயே எழுப்பிட்டு இருக்கோம், இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, நீங்களும் தூங்கலாம்"னு சொன்னா பெரும்பாலும் வேலை ஆகும்.

"எனக்குத் தெரியல"ன்னு சொல்ற ஆள திட்டாதீங்க. திட்டுனா அடுத்த தடவ தெரியாமலே மெஷினத் திறப்பாங்க. அதே மாதிரி ஸ்க்ரூ மிஞ்சிருச்சு, ரிப்பன் கேபிள் கிழிஞ்சுடுச்சுன்னு தானா வந்து சொல்றவங்கள முன்னாடி வச்சு ஏசுனா, இனிமே மிஞ்சின ஸ்க்ரூ குப்பைக்குப் போகும், உங்ககிட்ட வராது. மறச்சா தான் தண்டனை, சொன்னா கிடையாதுன்னு தெளிவா சொல்லி, அப்படியே நடந்துக்கோங்க.

டீமோட உயிரும் உங்க பொறுப்பு தான். டிஃபிப், எக்ஸ்ரே ஜெனரேட்டர் இதெல்லாம் பிளக்கப் பிடுங்குனாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர் வச்சுப் பாத்துட்டுத் தான் கை வைக்கணும், தனியா ஒருத்தர் ஹை வோல்டேஜ் வேலை பண்ணக் கூடாது. எம்ஆர்ஐ ரூம்ல ஸ்கேன் ஓடலன்னாலும் காந்தம் ஆன்ல தான் இருக்கும், சூப்பர் கண்டக்டிங் மேக்னட் ராத்திரியும் ஆன் தான், பாக்கெட்ல ஸ்பேனரோட உள்ள போற ஆள நிறுத்துற அதிகாரம் டீம்ல எல்லாருக்கும் இருக்கணும். வார்டுல இருந்து ரத்தக் கறையோட வர்ற மெஷின க்ளீன் பண்ணி டேக் போடாம ஒர்க்‌ஷாப்ல வாங்காதீங்க, இதுல தயவு தாட்சண்யமே வேணாம். டீமுக்கு மஞ்சக்காமாலை பி தடுப்பூசி போட்டாச்சான்னு கேட்டு வைங்க.

ராத்திரி முழுக்க ஆன் கால்ல ஓடுன ஆள காலைல அனஸ்தீசியா மெஷின் பிஎம்முக்கு அனுப்பாதீங்க. அவ்வளவு தான் இதுல சொல்ல இருக்கு.

ஸ்பேர், வெண்டர், கான்ட்ராக்ட்

ஸ்பேர் எவ்வளவு வைக்கணும்னு தெரியலன்னா போன ஒரு வருஷ ஜாப் ஷீட்ட எடுத்து எது அதிகமா மாத்திருக்கீங்கன்னு எண்ணுங்க. பேட்டரி, சென்சார், கேபிள், கஃப், ஆக்சிஜன் செல், ஃபியூஸ், ஃபில்டர், இது தான் மேல வரும். ஆக்சிஜன் செல்ல மொத்தமா வாங்கி அடுக்கி வைக்காதீங்க, யூஸ் பண்ணாட்டியும் அது வயசாகிட்டே இருக்கும், பேட்டரியும் அப்படித் தான், பழச முதல்ல எடுங்க.

கம்பெனி என்ஜினியர் வரும்போது நம்ம ஆள் ஒருத்தர் கூட நிக்கணும். கழட்டின பழைய பார்ட்ட வாங்கி வைக்கணும், சர்வீஸ் ரிப்போர்ட்ல என்ன பண்ணினாங்கன்னு நமக்குப் புரியற மாதிரி எழுத வச்சு வாங்கணும், அதுக்கு அப்புறமும் நம்ம ரிலீஸ் டெஸ்ட் உண்டு. கம்பெனி பண்ணிட்டான்ல, நாம எதுக்குன்னு கேப்பாங்க, பேஷன்ட் நம்ம பேஷன்ட், அதான்.

கான்ட்ராக்ட்ல 95 சதவீதம் அப்டைம்னு போட்டிருப்பாங்க, கேக்க நல்லா தான் இருக்கும். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அதுல 5 சதவீதம் 438 மணி நேரம், அதாவது 18 நாளுக்கு மேல மெஷின் படுத்துக் கெடந்தாலும் அவன் மேல தப்பு கிடையாது. 98 சதவீதம்னா ஏழு நாள் சொச்சம். அதோட நேரம் எப்போ இருந்து எண்ணுறாங்க, நாம போன் பண்ணிச் சொன்னதுல இருந்தா அவன் வந்து பாத்ததுல இருந்தா, ஸ்பேர் வர்ற நாள் கணக்குல சேருமா, பிஎம் நேரம் கழியுமா, இத எழுதலன்னா சதவீதத்துக்கு அர்த்தமே இல்ல. சர்வீஸ் பாஸ்வேர்ட், மேனுவல், ட்ரெய்னிங் இதெல்லாம் மெஷின் வாங்கும்போது கேளுங்க, காசு குடுத்ததுக்கு அப்புறம் கேட்டா கெடைக்காது. வாங்குற மீட்டிங்ல உங்கள கூப்பிடலன்னா நீங்களா போய் உக்காருங்க.

நெட்ஒர்க்ல இருக்குற மெஷின்களயும் மறந்துடாதீங்க. 2017 மே மாசம் வானாக்ரைங்கற கம்ப்யூட்டர் வைரஸ் வந்தப்போ பிரிட்டன்ல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கம்ப்யூட்டர் படுத்துச்சு, ஸ்கேனிங் மெஷின்களும் அதுல மாட்டுச்சு. பழைய விண்டோஸ்ல ஓடுற அல்ட்ராசவுண்ட், சிடி கன்சோல் எத்தனன்னு உங்க லிஸ்ட்ல இருக்கணும், அத தனி நெட்ஒர்க்ல வைக்க ஐடி டீமோட பேசுங்க, சர்வீஸ் பண்ண வர்றவங்க பென் டிரைவ நேரா சொருக விடாதீங்க.

மேல இருக்குறவங்களுக்கு என்ன நம்பர் காட்டுறது

இந்த மாசம் எத்தன ஜாப் முடிச்சோம்னு காட்டாதீங்க. ஒரே மெஷின ஒழுங்கா பண்ணாம நாலு தடவ போனா அந்த நம்பர் ஏறும், அதப் பாத்து நிர்வாகமும் சந்தோஷப்படும். பதிலா இத காட்டுங்க: ஒரு மாசத்துக்குள்ள அதே கம்ப்ளைன்ட்டோட திரும்பி வந்த மெஷின் எத்தன, ஹை ரிஸ்க் மெஷின்ல பிஎம் முடிஞ்சது எத்தன சதவீதம், முக்கியமான மெஷின் ஒவ்வொண்ணும் எத்தன மணி நேரம் நின்னுச்சு, அதுல ஸ்பேருக்குக் காத்திருந்தது எவ்வளவு. கடைசி நம்பர் தான் உங்களுக்கு பட்ஜெட் வாங்கித் தரும், ஏன்னா டீம் சோம்பேறின்னு சொல்றவங்களுக்கு அது தான் பதில்.

இன்னொண்ணு, ஒவ்வொரு மெஷினுக்கும் வருஷத்துல ரிப்பேருக்கு எவ்வளவு செலவாச்சுன்னு அது வாங்குன விலையோட பக்கத்துல வச்சுக் காட்டுங்க. சில மெஷின் வருஷா வருஷம் விலைல பெரும் பங்க விழுங்கிட்டு இருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

அப்படி ஒரு மெஷின இனிமே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஏன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு அதுக்கு அப்புறம் பாதில விடாதீங்க. உள்ள இருக்குற பேஷன்ட் டேட்டாவ அழிக்கணும், டிஸ்க்கக் கழட்டணும், பேட்டரிய எடுக்கணும், உதவுற ஸ்பேர மட்டும் டெஸ்ட் பண்ணி பேர் எழுதி வைக்கணும், லிஸ்ட்ல இருந்து நம்பர நீக்கணும், கடைசியா பவர் கார்ட வெட்டி விடணும். கார்டு வெட்டாம ஸ்டோர்ல வச்ச மெஷின் திரும்ப வார்டுக்கு வந்து நிக்கும்.